112ஆம் பக்கத்துக்குப் போகும் வழி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் என் தமிழாசிரியரின் வீட்டுக்கு ஒரு தம்ப்டிரைவை எடுத்துக்கொண்டு போனேன். அதில் ஒரே ஓர் எம்பி3 கோப்பு இருந்தது. ஏழு மணி நேரம் ஓடக்கூடியது. உயர்நிலைப் பள்ளியில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஐயாவுக்குக் கண் அழுத்த நோயால் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. அவருடைய அலமாரியில் நாற்பது ஆண்டுகளாக இருந்த ஓர் இலக்கண உரைநூலை இரவல் வாங்கி, அலுவலகம் விட்டு வந்தபின் இரவு நேரங்களில் இரண்டு மாதங்களாக வாசித்துப் பதிவு செய்திருந்தேன். 220 பக்கங்கள் கொண்ட அந்தப் படியின் ஓரங்களெல்லாம் அவருடைய பென்சில் குறிப்புகள் நிறைந்திருந்தன.

முதல் சில நிமிடங்களைக் கேட்டுவிட்டு அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அந்த மகிழ்ச்சியோடுதான் நான் வீடு திரும்பினேன். மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, புணரியல்ல ஒரு சந்தேகம். 112ஆம் பக்கத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. திரையில் தெரியும் கோட்டில் விரலை வைத்து நகர்த்தலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது? நகர்த்தினாலும் அவர் போய் விழும் இடம் 90ஆம் பக்கமாகவும் இருக்கலாம், 140ஆம் பக்கமாகவும் இருக்கலாம். இலக்கண நூலை யாரும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை கதைபோலக் கேட்பதில்லை. ஒரு நூற்பாவிலிருந்து இன்னொரு நூற்பாவுக்குத் தாவுவதும், அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதும், எழுத்ததிகாரத்தில் ஒரு விரலையும் சொல்லதிகாரத்தில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதுமே அதைப் பயன்படுத்தும் முறை. நான் அவருக்குக் கொடுத்தது என் குரலை மட்டுமே. நூலைப் புரட்டும் விரல்களை அவரிடமிருந்து நானும் சேர்ந்து பறித்திருந்தேன் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிற்று.

அன்றிரவு தேடத் தொடங்கியபோதுதான் 'டெய்சி' என்ற பேசும் நூல் வடிவம் எனக்குத் தெரியவந்தது. பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் 1930களிலேயே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளில் வந்துவிட்டன. பிறகு ஒலிநாடாக்கள் வந்தன. இசைத்தட்டானாலும் நாடாவானாலும் ஐயாவின் கேள்விக்கு அவற்றில் விடை கிடையாது. பாடநூல் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் இதே இக்கட்டில்தான் இருந்தார்கள். 1994ல் ஸ்வீடனின் பேசும் நூல்களுக்கும் பிரெய்லுக்குமான நூலகம் இதற்கென்றே டெய்சி என்ற இந்தப் புதிய வடிவத்தை உருவாக்கத் தொடங்கியது. 1996ல் பல நாட்டு நூலகங்கள் ஒன்று சேர்ந்து டெய்சி கூட்டமைப்பை அமைத்தன. இன்றும் பரவலாகப் புழங்கும் 2.02 என்னும் பதிப்பு 2001ல் வெளியானது. 2011ல் வந்த இபப் 3 மின்னூல் தரம், எழுத்தையும் ஒலியையும் ஒன்றோடொன்று பிணைக்கும் முறையை டெய்சியிடமிருந்தே எடுத்துக்கொண்டது. இன்று கடையில் வாங்கும் மின்னூல் ஒன்று வாசிக்க வாசிக்க வரியை ஒளியூட்டிக் காட்டுகிறதென்றால், அதற்குப் பின்னால் பார்வையற்றோர் நூலகங்களின் உழைப்பு இருக்கிறது.

டெய்சி நூல் ஒன்றின் உள்ளே இருப்பது மிக எளிய ஏற்பாடு. ஒரு கோப்புறையில் எம்பி3 கோப்புகள் இருக்கும். அவற்றோடு 'என்சிசி' என்று தொடங்கும் ஒரு வலைப்பக்கக் கோப்பும், 'ஸ்மில்' என்ற வகையைச் சேர்ந்த சில சிறிய கோப்புகளும் இருக்கும். என்சிசி கோப்பில் தலைப்புகளும் பக்க எண்களும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஸ்மில் கோப்பின் குறிப்பிட்ட இடத்தைச் சுட்டும். அந்த இடத்தில், இன்ன எம்பி3 கோப்பில் இத்தனையாவது நொடியில் தொடங்கி இத்தனையாவது நொடி வரை ஒலிக்க வேண்டும் என்று ஆயிரத்தில் ஒரு நொடி நுட்பத்தோடு எழுதியிருக்கும். சாதாரண நோட்பேடில் திறந்தாலே இவை அத்தனையும் படிக்கக் கூடியவை. முதன்முதலாக நான் அப்படித் திறந்து பார்த்தபோது, 'பக்கம் 112' என்ற ஒரு வரி ஒரு நொடி எண்ணோடு கட்டப்பட்டிருப்பதைக் கண்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா கேட்டது இதைத்தான்.

இந்தக் கோப்புகளைக் கையால் எழுத வேண்டிய தேவையில்லை. டெய்சி கூட்டமைப்பே 'ஓபி' என்றொரு மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. விண்டோஸில் இயங்கும் இது திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் யாவருக்கும் பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது, எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஓபியைத் திறந்தால் இடப்புறம் நூலின் பிரிவுகள் ஒரு மரம்போலத் தெரியும். வலப்புறம் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இருக்கும் ஒலி சிறு சிறு துண்டுகளாக அடுக்கப்பட்டிருக்கும். டெய்சி 2.02ல் தலைப்புகளுக்கு ஆறு நிலைகள் வரை உண்டு. நான் அதிகாரத்தை முதல் நிலையாகவும், இயலை இரண்டாம் நிலையாகவும், நூற்பாவை மூன்றாம் நிலையாகவும் வைத்தேன். கேட்பவர் தம் கருவியில் எந்த நிலையில் நகர வேண்டும் என்று தேர்ந்துகொண்டால், ஒரு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் நூற்பா நூற்பாவாகவோ இயல் இயலாகவோ போகலாம். நம் பழைய இலக்கண நூல்கள் அதிகாரம், இயல், நூற்பா என்று அடுக்கடுக்காகவே கட்டப்பட்டவை என்பதால், இந்த மென்பொருளின் மரத்தில் அவை எந்த வருத்தமும் இல்லாமல் உட்கார்ந்தன.

ஆனால் என் ஏழு மணி நேரப் பதிவு அப்படி எளிதாக உட்காரவில்லை. ஒரே நீளமாக இருக்கும் ஒலியை ஓபி தானாகவே துண்டுகளாகப் பிரித்துத் தரும். முதலில் பேச்சில்லாத சில நொடிகளை அதற்கு மாதிரியாகக் காட்ட வேண்டும். அந்த அளவுக்குக் கீழே இருப்பதெல்லாம் மௌனம் என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு, எவ்வளவு நேரம் மௌனம் நீடித்தால் துண்டை வெட்ட வேண்டும் என்பதையும், அடுத்த துண்டின் தொடக்கத்தில் எவ்வளவு மௌனத்தை விட்டுவைக்க வேண்டும் என்பதையும் நாம் சொல்ல வேண்டும். நான் பதிவு செய்தது ஈசூனில், ஆறாவது மாடியில், என் படுக்கையறையில். குளிர்சாதனத்தின் இரைச்சல் கூடாது என்று அதை அணைத்துவிட்டுக் கூரை மின்விசிறியைப் போட்டுக்கொண்டு வாசித்திருந்தேன். விசிறியின் ஓசை என் காதுக்குப் பழகிப்போயிருந்ததால் அது பதிவில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை, ஓபிக்குத் தெரிந்தது. எழுத்தியல் முழுவதையும் அது ஒரே துண்டாக எனக்குத் திருப்பித் தந்தது. அந்த நாற்பது நிமிடங்களில் மௌனம் என்று சொல்லத்தக்க ஓரிடத்தையும் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மௌனத்தின் அளவை உயர்த்தி, வெட்டுவதற்கான இடைவெளியைக் குறைத்துப் பார்த்தேன். அப்போது வேறொரு கேடு வந்து சேர்ந்தது. 'பாட்டு' என்ற சொல் 'பாட்' என்று ஒரு துண்டாகவும் 'டு' என்று இன்னொரு துண்டாகவும் நின்றது. 'மக்கள்', 'எட்டு', 'அப்பால்' என்று எங்கெல்லாம் வல்லின மெய் இரட்டித்ததோ அங்கெல்லாம் வெட்டு விழுந்திருந்தது. முதலில் மென்பொருளில்தான் பிழை என்று நினைத்தேன். ஒலியலையைப் பெரிதாக்கிப் பார்த்தபின் உண்மை தெரிந்தது. இரட்டித்த வல்லினத்தைச் சொல்லும்போது நாக்கோ உதடோ மூச்சை அடைத்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் உண்மையிலேயே ஒலி இல்லை. நூற்பாக்களை நிறுத்தி நிதானமாக வாசித்த என் வாசிப்பில் அந்தக் கணம் இன்னும் நீண்டிருந்தது. வல்லினம் என்று நாம் ஏன் பெயர் வைத்தோம் என்பதை அந்த அலையில் ஒரு தட்டையான கோடாகக் கண்ணால் பார்த்தேன். மெல்லினத்தில் தொடங்கும் சொற்களுக்கோ எதிர்மாறான தொல்லை: 'நடு' என்பதன் நகரம் விசிறி இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோய் முந்தைய துண்டின் வாலில் ஒட்டிக்கொள்ள, அந்த இடத்துக்குத் தாவி வருபவரின் காதில் 'அடு' மட்டுமே விழும். தொடக்கத்தில் விடும் மௌனத்தைச் சற்றுக் கூட்டினால் அது சரியாகிவிடும் என்பதைக் கற்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இன்னொரு திறந்த மூல மென்பொருளான ஆடாசிட்டியில் விசிறி ஓசையை மட்டும் மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்க முடியும். முயன்று பார்த்தேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் குரல் ஒரு தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆனது. இலக்கணம் படிப்பவருக்கு னகரமும் ணகரமும், லகரமும் ளகரமும் தெளிவாகக் கேட்காவிட்டால் பின் எதற்கு அந்தப் பதிவு? ஏழு மணி நேரத்தையும் தூக்கி வைத்துவிட்டு, முதலிலிருந்து வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் முறை ஓபியிலேயே நேரடியாகப் பதிவு செய்தேன். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் ஓசையற்ற நேரம் என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை. காலை ஐந்து மணிக்கெல்லாம் குயில்கள் தொடங்கிவிடும். பகலில் எங்காவது ஒரு மாடியில் புதுப்பிப்புப் பணிக்குத் துளைபோடும் இயந்திரம் சுவர் வழியாகவே வரும். இரவு பத்தரைக்குமேல், மின்தூக்கியின் கதவோசை அடங்கியபின், விசிறியையும் அணைத்துவிட்டு, துணி அலமாரிக் கதவைத் திறந்து தொங்கும் துணிகளைப் பார்த்தபடி மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துணிகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். வியர்வை வழியும். அரை மணி நேரத்துக்குமேல் தாங்காது. ஆயினும் இப்படிப் பதிந்ததில் ஒரு வசதி இருந்தது: வாசித்துக்கொண்டே ஒரு விசையை அழுத்தினால் புதிய துண்டு தொடங்கும், மற்றொன்றை அழுத்தினால் புதிய பக்கம், இன்னொன்றை அழுத்தினால் புதிய பிரிவு. நூற்பாவின் ஒவ்வோர் அடியையும் ஒரு துண்டாக வைத்தேன், மனப்பாடம் செய்ய விரும்புகிறவர் ஓர் அடியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று. முதலில் சீர் பிரிக்காமல் மூலத்தின் ஓசையோடு ஒருமுறை, பிறகு சந்தி பிரித்து ஒருமுறை. நாக்கு தடுக்கிய இடத்தில் நிறுத்தாமல் 'பின்னர் சரிசெய்ய வேண்டியது' என்ற குறியை மட்டும் போட்டுவிட்டு மேலே போகலாம். முடித்தபின் அந்தக் குறிகளைத் தேடிப் போய் அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பதியலாம். ஒரே கோப்பாகப் பதிந்த காலத்தில் ஒரு சொல் பிசகினால் பத்து நிமிடத்தைத் திரும்ப வாசித்த எனக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லி மாளாது.

ஓபி பதியும்போது ஒலியைச் சுருக்காமல் வைத்துக்கொள்கிறது. 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்ற கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 317 மெகாபைட். ஏழு மணி நேரத்துக்கு 2 ஜிகாபைட்டுக்குமேல். வெளியிடும்போது 64 கிலோபிட் எம்பி3யாக மாற்றினால் முழு நூலும் 200 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். பேச்சுக்கு அது தாராளமாகப் போதும்.

ஓரக் குறிப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பதிவில் நான் அவற்றைத் தொடவில்லை. அச்சிட்டது மட்டுமே நூல் என்று எண்ணியிருந்தேன். டெய்சியில் அடிக்குறிப்பு, பெட்டிச் செய்தி, தயாரிப்பாளர் குறிப்பு, பக்க எண் ஆகியவற்றைத் 'தவிர்க்கத்தக்கவை' என்று குறித்து வைக்க இடமுண்டு. அதை மதிக்கும் கருவியில் கேட்பவர் அவற்றை அணைத்துவிட்டால் உரை இடையறாமல் ஓடும். திறந்துவிட்டால் உரிய இடத்தில் குறிப்பும் வந்து சேரும். இதைப் படித்த அன்று, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஐயாவின் பென்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்தேன். சில மங்கிப்போயிருந்தன. சிலவற்றில் தேதி இருந்தது. ஓரிடத்தில், வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியையும் தாம் சொன்ன விடையையும் எழுதி, விடையின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அத்தனையையும் சற்றே தாழ்ந்த குரலில் வாசித்துத் தவிர்க்கத்தக்க அடிக்குறிப்புகளாகச் சேர்த்தேன்.

கடைசியில் ஒரு சிறு தவறும் செய்தேன். நூலின் விவரங்களை நிரப்பும்போது மொழி என்ற இடத்தில் முன்பே இருந்த ஆங்கிலத்தை மாற்ற மறந்துவிட்டேன். பதிவு செய்த குரல் ஒழுங்காகவே வந்தது. ஆனால் கணினியில் பொருளடக்கத்தைத் திறந்தபோது, தலைப்புகளைச் சொல்ல வேண்டிய செயற்கைக் குரல் ஆங்கிலக் குரலாக இருந்து, தமிழ் எழுத்தைக் கண்டதும் வாய் திறக்காமல் நின்றுவிட்டது. தமிழுக்கான 'டிஏ' என்ற இரண்டெழுத்துக் குறியைப் போட்டதும் சரியாயிற்று. தமிழில் பேசும் நூல் தயாரிக்கப் போகும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு கட்டத்தை.

இத்தனை பாடு எதற்கு, எழுத்துக் கோப்பைக் கொடுத்தால் கணினியே வாசித்துவிடாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். வாசிக்கும். டெய்சி கூட்டமைப்பின் மற்றொரு திறந்த மூல மென்பொருளான 'பைப்லைன்', எழுத்துக் கோப்பைச் செயற்கைக் குரலோடு பேசும் நூலாக மாற்றித் தரும். 'இஸ்பீக் என்ஜி' என்னும் திறந்த மூலக் குரல் தமிழிலும் பேசும். சென்னை ஐஐடியில் பல ஆண்டுகளாகத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குச் செயற்கைக் குரல்களை உருவாக்கி வருகிறார்கள். செய்தித்தாளுக்கும் கடிதத்துக்கும் அலுவலகக் கோப்புக்கும் எனக்கு அந்தக் குரல்கள் போதும் என்றே தோன்றுகிறது. விரைவாக வேண்டியதை விரைவாகத் தருவது பெரிய உதவி. ஆனால் தமிழ் எழுத்து, ககரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் ஒரே எழுத்தில் அடக்கி வைத்திருக்கிறது. சொல்லின் இடத்தைப் பார்த்து வாசிப்பவர் தாமே முடிவு செய்கிறார். நம் சொற்களுக்கு விதி உண்டு. பிறமொழிப் பெயர்களுக்கு அந்த விதி செல்லாது. 'பிடோக்' என்று இங்குள்ள ஓர் ஊரின் பெயரை எழுதினால் இங்கே பிறந்து வளர்ந்த எவரும் முதலெழுத்தை மெலிந்த ஒலியோடு சொல்வார்கள். இயந்திரமோ 'பிள்ளை'யின் பகரத்தைப்போல வன்மையாகச் சொல்கிறது. சிங்கப்பூர்ச் சிறுகதை ஒன்றில் நான்கு பக்கத்துக்குள் பிடோக்கும் கேலாங்கும் டோபி காட்டும் வந்துவிடும். ஊர்ப்பெயரைத் தவறாகச் சொல்லும் குரலில் அந்த ஊர்க்கதையை ஒரு முதியவர் எப்படி ஒன்றிக் கேட்பார்? இலக்கண நூலிலோ 'க், ச், ட், த், ப், ற்' என்று தனி மெய்களை ஒலித்துக் காட்ட வேண்டும். அதை மனிதர்தான் வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திறந்த மூலம் என்பதை நான் விலையில்லாமை என்ற அளவில் மட்டும் மதிக்கவில்லை. இஸ்பீக் என்ஜி தமிழ்ச் சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்ற விதிகளும் சொற்பட்டியலும் வெறும் எழுத்துக் கோப்புகளாகத் திறந்து கிடக்கின்றன. 'பிடோக்' தவறாக ஒலித்தால், ஒலியெழுத்துக் குறிகளைப் பொறுமையாகக் கற்றுக்கொண்ட ஒரு தமிழர் அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துத் திருத்தத்தை அனுப்பலாம். விற்பனைக்கு வரும் குரல்களில் இந்த வாய்ப்பு இல்லை. நம் எண்ணிக்கை அந்த நிறுவனங்களின் கணக்கில் எவ்வளவு சிறியது என்று நமக்குத் தெரியும். இந்தத் தீவில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, யாரும் செய்து தருவார்கள் என்று காத்திராமல் 1995லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997ல் தமிழ்நெட் மாநாடு இங்கேதான் கூடியது. 2000ல் உத்தமம் என்று நாம் அறியும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கேதான். எழுத்துக்காக அன்று அவ்வளவு செய்த ஊர், எழுத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன்.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க படிகளை உருவாக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013 ஜூன் 27 அன்று நிறைவேறியது. இந்தியா 2014ல் அதை ஏற்ற முதல் நாடானது. சிங்கப்பூர் 2015 மார்ச்சில் இணைந்தது. 20 நாடுகள் சேர்ந்தபின் 2016 செப்டம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2016ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலய இணைய நூலகத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி 2015ல், அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் மின்படிகளாகத் தொகுக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொகுப்பிலுள்ள கதைகள் ஒவ்வொன்றாகப் பேசும் நூல்களாக வர வேண்டும் என்பது என் பேராசை. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் கவிதை ஒப்புவிக்கவும் பட்டிமன்றம் பேசவும் எத்தனை நல்ல குரல்கள் மேடையேறுகின்றன! அவற்றில் பத்துக் குரல்கள், ஆளுக்கு ஒரு நூல், ஆண்டு முழுவதிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தந்தால் போதும். ஓபியைப் பயன்படுத்த ஒருவருக்கு இரண்டு மாலைகளில் கற்றுக் கொடுத்துவிடலாம். நானே வந்து கற்றுத் தருகிறேன்.

இரண்டாம் பதிவை ஐயாவிடம் கொடுத்தபோது எண் பொத்தான்கள் கொண்ட ஒரு சிறிய கருவியில் அதை ஏற்றியிருந்தேன். பக்கத்துக்குப் போகும் பொத்தானை அவர் விரலுக்குக் காட்டினேன். ஒன்று, ஒன்று, இரண்டு என்று தடவித் தடவி அழுத்தினார். "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்று என் குரல் சொன்னது. அடுத்து, அவர் தேடிய நூற்பா தொடங்கியது. அவர் பேசவில்லை. மீண்டும் எண்களை அழுத்தி 37க்குப் போனார், பின்பு 205க்கு, பின்பு மீண்டும் 112க்கு வந்தார். அன்று மாலை முழுவதும் ஒரு பக்கத்தையும் முழுதாகக் கேட்காமல் புரட்டிக்கொண்டே இருந்தார்.

குறிப்புகளைத் திறந்துவிட்டுக் கேட்டது சில நாள்களுக்குப் பிறகு. அந்த மாணவனின் கேள்வி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, "அந்த விடை தப்பு. அன்னைக்கே எனக்கு ஐயமா இருந்துச்சு. இத இப்படியே விடக்கூடாது" என்றார். திருத்தத்தை எழுதிக்கொள்ள நான் பேனாவை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தாமே பதிய முடியுமா என்று கேட்டார்.

முடியும். ஓபியின் எல்லா வேலைகளையும் சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே செய்யலாம். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானோடு பயன்படுத்தத்தக்க விதத்திலேயே அதை உருவாக்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006ல் தொடங்கிய என்விடிஏ என்னும் திறந்த மூலத் திரைவாசிப்பானை அவருடைய பேரனின் பழைய மடிக்கணினியில் நிறுவினேன். அந்த ஆண்டு முழுவதும் சனிக்கிழமை காலைகளில் அவர் எனக்கு மாணவராக இருந்தார். எழுபத்தெட்டு வயதில் ஒவ்வொரு விசைச் சேர்க்கையையும் நூற்பாபோல மனப்பாடம் செய்து ஒப்புவித்தார். மென்பொருளின் பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருப்பது அவருக்குக் குறைதான். அவற்றுக்கு ஒரு தமிழ்ப் பட்டியலை வைத்துக்கொண்டிருக்கிறார். துண்டுக்குச் 'சீர்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

இப்போது அந்த நூலில் 61ஆம் பக்கத்துக்குப் போனால், குறிப்புகள் திறந்திருந்தால், முதலில் என் தாழ்ந்த குரலில் பென்சில் குறிப்பு வரும். அடுத்த துண்டில் நாற்காலி இலேசாகக் கிரீச்சிடும் ஓசை கேட்கும். அதை வெட்டிவிடலாம் என்று சொன்னேன், அவர் ஒப்பவில்லை. பிறகு அவர் குரல்: "மேலே சொன்ன விடை பிழை. திருத்தம் வருமாறு." நான்கு நிமிடம் பத்து நொடி. இதுபோல இன்னும் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் 'பின்னர் சரிசெய்ய வேண்டியது' என்ற குறியை அவரே போட்டு வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை 74ஆம் பக்கம்.